வாயைத் திறந்து வைத்திருக்கையில்

நாற்காலி பின்னால் சாய்கிறது.
முப்பதுகூட ஆகியிராத பல் மருத்துவர்
சுருக்கென்று இருக்கும், கொஞ்சம் பொறுங்கள் என்கிறாள்.
பொறுக்கிறேன். வேறு வேலை இல்லாமல்
கூரையைப் பார்க்கிறேன்.

அதே தகரக் கூரை.
வெள்ளை அடித்திருக்கிறார்கள், இரண்டு பூச்சு.
ஆனாலும் விளக்குக்கு அந்தப்பக்கம்
பூ அச்சிட்ட தகடு ஒன்றில்
கட்டைவிரல் அளவுப் பள்ளம்.
ரெய்னோ குத்தியது.
கனிமவியல் தேர்வு முடிந்த மத்தியானம்
பூமியைப் பற்றி இனி எதுவும்
எனக்குத் தெரியவேண்டியதில்லை என்று கத்தி,
பில்லியர்ட்ஸ் குச்சியின் அடிமுனையால்.

அப்படியென்றால் நான் படுத்திருப்பது
அந்த மேசைமேல்.
எப்படி அடித்தாலும் பந்தெல்லாம்
ஏரிப்பக்கம் உருளும் மேசை.
உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.
வெளியூர்ப் பையன்கள் முதல் செமஸ்டர் முழுக்க
அதற்குக் கப்பம் கட்டினார்கள்.

'மூன்றாம் ஷிஃப்ட்' என்று பெயர்.
தாமிரச் சுரங்கம் மூடிப் பதினெட்டு வருடம் கழிந்தும்
காலை ஆறு மணிக்கே திறப்பாள் மார்லிஸ்,
இரவு வேலைக்கு இறங்கினவர்கள்
இன்னும் மேலே வந்து சேராததுபோல.
வந்தது நாங்கள்தான்,
எட்டு மணி வகுப்புக்கு முன்னால்,
ஈரக் காலுறையைக் கழற்றி
ரேடியேட்டர்மேல் போட.
கம்பளி வேகும் நாற்றம், காடி ஜாடியில் முட்டை,
சைக்கிள் டியூப் இழுத்துக் கட்டிய கழிப்பறைக் கதவு,
எதை அழுத்தினாலும் போல்கா பாடும் பெட்டி.
தேர்வில் தோற்றவர்களுக்கு முட்டை இலவசம்.
ஜெயித்ததாகப் பொய் சொன்னவர்களுக்கும்
முகத்தைப் பார்த்து ஒன்று எடுத்து வைப்பாள்.
நல்ல இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
என் அம்மா ஒரே ஒரு தடவை வந்தாள்,
கோட்டைக் கழற்றவில்லை.

மிச்சிகனின் வடகோடி. பனிப்புயலன்று
வாசல் கதவு திறக்காது.
வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும் கதவு,
அதற்கப்பால் இடுப்பளவு பனி.
இருப்பவர்களில் ஒல்லியானவள் நான்.
கழிப்பறை ஜன்னல் வழியாகத்
தலை முதலில், மண்வாரி பின்னால்.
உள்ளே இருபது பேர் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
என் பெயரைச் சொல்லிச் சுவரைத் தட்டுவார்கள்.
பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன்,
அந்தத் தட்டலுக்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை.

"மரத்துப்போச்சா?"
கன்னத்தைத் தட்டிப் பார்க்கிறாள்.
ஆ என்கிறேன்.
அதற்காகத்தானே பெண்ணே, அன்றைக்கும் இங்கே வந்தோம்.

எல்லோரும் ஊரைவிட்டுப் போனோம்.
டெல்பீன் அணைக்கட்டுகளுக்கு, நான் சிமென்ட்டுக்கு.
ரெய்னோ இருந்தான்.
முதலில் கிளாஸ் கழுவினான்,
பிறகு ஊற்றிக் கொடுத்தான்,
பிறகு பலகைக்கு இந்தப்பக்கம் வந்து உட்கார்ந்தான்.
எங்களில், கல்லை நாக்கில் வைத்தே
பெயர் சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவன்.

கடைசியாகப் பார்த்தபோது
இருபது டாலர் கேட்டான்.
கையில் இல்லையே ரெய்னோ என்றேன்.
இருந்தது.
கோட்டின் உள்பையில், நான்காக மடித்து.
குடித்தே அழிப்பான் என்பது காரணம்.
அந்தக் காரணத்தையாவது
அவனிடம் சொல்லியிருக்கலாம்.
ஏப்ரலில், ஏரிப் பனி உடைகிற வாரம்,
டெல்பீன்தான் போன் செய்தாள்.

துளைக்கருவி சுழல்கிறது.
நாங்கள் நான்கு வருடம் படித்ததும் இதுதான்,
இதைவிடப் பெரிய சைஸில்.
கண்ணோரம் ஏதோ இறங்கிக் காதுக்குள் போகிறது.
வலிக்கிறதா என்று நிறுத்துகிறாள்.
இல்லையென்று தலையாட்டுகிறேன்.
வாயில் இத்தனை சாமான் இருக்கும்போது
வேறென்ன சொல்லமுடியும்.

கொப்பளித்துத் துப்பி, பணம் கட்டி,
ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு
வாசல் கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறேன்.
அசையவில்லை.
இன்னொரு தடவை, காலை ஊன்றி.
வரவேற்பில் இருந்த பையன் எழுந்து வருகிறான்.
"இழுக்கணும் மேடம்."